படியெல்லாம் ஒண்ணுமில்லைங்க

மேலிருந்து எண்ணினாலும் மூன்று, கீழிருந்து எண்ணினாலும் மூன்று. ஒரு தடவை ஏறி எண்ணினார், ஒரு தடவை இறங்கி எண்ணினார். கடைசியில் நடைபாதையில் நின்றுகொண்டு விரலை நீட்டி நீட்டி எண்ணினார். குறைகிற மாதிரி தெரியவில்லை.

“என்ன டோக்கன் சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா?” என்று பக்கத்து இஸ்திரிக் கடைக்காரர் கேட்டார்.

“இந்தப் படியை எப்பக் கட்டினாங்க?”

“கட்டடம் கட்டினப்பவே கட்டினதுதான். ஏன்?”

“இல்ல, சும்மாதான் கேட்டேன்.”

முதுகு டாக்டரின் கிளினிக்கில் அவர் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறார். வருகிறவர்களுக்கு எண் போட்ட வட்ட வில்லையை எடுத்துக் கொடுப்பவர் என்பதால் டோக்கன் என்றே பெயர் ஆகிவிட்டது. அவருடைய மனைவிகூட கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். ஒன்பது வருடமாகத் தினம் நாலைந்து தடவை இந்தப் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறார். ஏறினதெல்லாம் கால். கண் ஒரு நாளும் கூட வரவில்லை.

அதனால்தான் அன்று காலை போனில் ஒரு அம்மா, “வாசல்ல படி இருக்குங்களா?” என்று கேட்டதும், எச்சில்கூட விழுங்காமல், “படியெல்லாம் ஒண்ணுமில்லைங்க” என்று சொல்லிவிட்டார்.

“நல்லாத் தெரியுமா? நான் சக்கர நாற்காலியில வர்றவ. தம்பியும் கூட வருவான்.”

“தாராளமா வாங்கம்மா. தம்பி உட்காரவும் இடம் இருக்கு.”

“இல்ல, ஏழு இடத்துல கேட்டுட்டேன். ஏழு பேரும் ‘ரெண்டே ரெண்டு படிதாம்மா, கூட வர்றவங்க தூக்கிட மாட்டாங்களா’ன்னாங்க. தூக்கறதா இருந்தா நான் வரவே மாட்டேன். அதனாலதான் திரும்பத் திரும்பக் கேக்கறேன்.”

“இங்க யாரும் யாரையும் தூக்க வேண்டாங்க. நேரா உள்ள வந்துடலாம்.”

அந்த அம்மா, “நல்லா இருப்பீங்க” என்றார்.

டோக்கன் நோட்டில், ‘வெள்ளி, பத்து மணி, சக்கர நாற்காலி அம்மா’ என்று எழுதிக்கொண்டார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. என்ன வலி, எங்கே வலி என்று போனில் கேட்கக் கூடாது என்பது டாக்டரின் சட்டம். போனில் சொன்ன வலி நேரில் வருவதற்குள் வேறு இடத்துக்குப் போய்விடும் என்பார். நோயாளி மேசையில் குப்புறப் படுத்த பிறகுதான் முதல் கேள்வி.

பதினொரு மணிக்கு டீ குடிக்க வெளியே வந்தபோது டோக்கனின் செருப்பு முதல் படியில் தடுக்கியது. விழாமல் சமாளித்து நின்றவர், திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் எண்ண ஆரம்பித்தார்.

டீ இறங்கவில்லை. அந்த ‘நல்லா இருப்பீங்க’ மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றது.

உடனே போன் செய்து உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தார். அந்த அம்மாவே எடுத்தார்.

“சொல்லுங்க.”

“வெள்ளிக்கிழமை… பத்து மணி…”

“ஆமா, பத்து மணி. மாத்திட்டீங்களா?”

“மாத்தலைங்க. ஞாபகப்படுத்தலாம்னுதான்.”

“இதை மறப்பேனா? தம்பிகிட்ட அப்பவே சொல்லிட்டேன். அவன் நம்பவே இல்ல.”

மதியம் சாப்பிட்ட கையோடு மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை வாயில் ‘படி’ என்பதில் முதல் எழுத்து வரைக்கும் வந்துவிட்டது.

“ப… பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னாடி வந்தாலும் பரவாயில்லைங்க.”

“இப்படி ரெண்டு தடவை கூப்பிட்டு விசாரிக்கற ஆஸ்பத்திரியை நான் பார்த்ததே இல்ல” என்றார் அந்த அம்மா. “உங்க வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கணும்.”

இப்போது வீட்டில் எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாவது தடவை கூப்பிட்டால் ஏழு தலைமுறையையும் வாழ்த்திவிடுவார் என்று பயந்து டோக்கன் போனைத் தொடவில்லை. மிச்சம் இருந்தது டாக்டர்தான்.

வாசலில் ‘கைரோபிராக்டிக் மையம்’ என்று பெரிய பலகை இருக்கும். அதைப் படிக்க முடிந்தவர்கள் யாரும் அங்கே வந்ததில்லை. வந்தவர்கள் எல்லாம், “முதுகைச் சொடுக்கு எடுக்கற டாக்டர் இருக்காராமே” என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள். டாக்டருக்கு ஆறடி உயரம். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தபடி இருப்பார். ஒருவர் படி ஏறுகிற விதத்தைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம் என்பது அவருடைய நம்பிக்கை. எந்தக் காலை முதலில் வைக்கிறார், எங்கே நிற்கிறார், கைப்பிடியைத் தேடுகிறாரா. அதற்காகவே அங்கே கைப்பிடி வைக்கவில்லை.

“டாக்டர், நம்ம வாசல்ல படி இருக்கு” என்றார் டோக்கன்.

“இருக்கு.”

“மூணு.”

“மூணு. அதுக்கென்ன இப்போ?”

டோக்கன் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி, அந்தப் படிகளையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

“கட்டும்போது கொத்தனார் கேட்டார். ‘ஒரு பக்கம் சாய்வா விட்டுடட்டுமா சார்’னு. நான்தான், அந்த இடத்துல பூந்தொட்டி வைக்கலாம்னேன்.” ஓரத்துப் பூந்தொட்டிகளைக் காட்டினார். “முதுகு வலிக்கறவங்களுக்குன்னு ஒரு இடத்தைக் கட்டி, வாசல்ல படி வச்சிருக்கேன். யாராவது சிரிச்சிருக்கலாம்.”

“யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லையே டாக்டர்.”

“எப்படிக் கேப்பாங்க? உள்ள வந்தாத்தானே கேக்க முடியும்?”

டோக்கனுக்கு ஒரு மத்தியானம் ஞாபகம் வந்தது. வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பின் சீட்டில் ஒரு பெரியவர் கண்ணாடியை இறக்கி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தார். கால் மணி நேரம் இருக்கும். யாருக்கோ காத்திருக்கிறார் என்று நினைத்து டோக்கன் பேப்பரைப் புரட்டிக்கொண்டு இருந்தார். தலையைத் தூக்கியபோது கார் இல்லை. வெளியே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்தப் படி நாலு வருடத்துக்கு முன்பே கண்ணில் பட்டிருக்கும்.

“இந்த அம்மா எட்டாவது இடமா நம்மளைத் திட்டிட்டுப் போகக் கூடாது டாக்டர்” என்றார்.

“போகக் கூடாது” என்றார் டாக்டர். “தச்சரைக் கூப்பிடு.”

தச்சர் புதன்கிழமை வந்தார். குனிந்து பார்த்தார், காதில் பென்சிலைச் செருகினார், எடுத்தார், மறுபடியும் செருகினார்.

“நல்ல சாய்வா வேணும்னா பலகை பாதி ரோடு வரைக்கும் போகும். நடைபாதையோட நிறுத்தணும்னா செங்குத்தா நிக்கும். எது வேணும்?”

“நடைபாதையோட நிறுத்துங்க.”

“அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது.”

வியாழக்கிழமை மதியம் பலகை வந்தது. சோதித்துப் பார்க்கச் சக்கர நாற்காலி இல்லை. டாக்டருடைய சுழல் நாற்காலியில் சக்கரம் இருந்ததால் அதில் டோக்கனை உட்காரவைத்துத் தச்சர் பின்னாலிருந்து தள்ளினார். பாதி வரைக்கும் நன்றாகத்தான் போனது. மேலே போனதும்தான் கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு என்பது தெரிந்தது. திறந்தால் நாற்காலி நிற்க இடம் இல்லை. நாற்காலி நின்றால் கதவைத் திறக்க முடியவில்லை.

“கொஞ்சம் பிடிச்சுக்கோங்க சார், கதவைப் பார்க்கறேன்” என்று தச்சர் ஒரு கையை எடுத்தார்.

டோக்கன் எதைப் பிடிப்பார்? நாற்காலி பின்பக்கமாக இறங்கி, நடைபாதையில் ஒரு சுற்றுச் சுற்றி, இஸ்திரிக் கடையின் துணி மூட்டைகளுக்குள் போய் நின்றது.

இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்தார். “இவருக்கு எவ்வளவு சூடு வைக்கணும்?”

“இது சாய்வு இல்ல சார், சறுக்குமரம்” என்றார் தச்சர். “நான் அப்பவே சொன்னேன்.”

நீளமான பலகை ஒன்றைச் சுவரோரமாகப் பக்கவாட்டில் போடலாம் என்று முடிவானது. அப்படிப் போட்டால் அது இஸ்திரிக் கடையின் வாசலை மறைத்துக்கொண்டு போனது. பூந்தொட்டிகளும் போக வேண்டியிருந்தது. இஸ்திரிக் கடைக்காரர் வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும்தான் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். பலகை நீளம் என்பதால் நடுவில் தொய்ந்தது. முட்டுக் கொடுக்க எதுவும் அகப்படவில்லை. டாக்டர் உள்ளே போய், அட்டை போட்ட தடித் தடியான எலும்பியல் புத்தகங்கள் ஆறைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“படிச்ச காலத்துல இதை முழுசாப் பிரிச்சதே இல்ல” என்றார். “இப்பவாவது எதையாவது தாங்கட்டும்.”

கதவைக் கழற்றியாயிற்று. கழற்றிய கதவை வெளியே வைத்தால் யாராவது கொண்டுபோய்விடுவார்கள் என்று உள்ளே, டாக்டரின் அறைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். அடுத்தது வழி. டோக்கனின் மேசைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் போகலாம். நாற்காலி போகுமா என்று தெரியவில்லை. அந்த அம்மாவிடம் அகலத்தைக் கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் முடிந்திருக்கும். கேட்டால் ஏன் என்று கேட்பார். டோக்கன் முழங்கை இரண்டையும் விரித்துக்கொண்டு, சக்கரம் உருட்டுகிற மாதிரி கையைச் சுற்றியபடி அந்த இடைவெளியில் நடந்து பார்த்தார். இடது முழங்கை சுவரில் உரசித் தோல் போனது.

மேசை தரையோடு திருகப்பட்டிருந்தது. தச்சர் திருகுகளைக் கழற்றினார். மேசையை நகர்த்த ஓர் இடம்தான் இருந்தது. அது கழிப்பறைக் கதவுக்கு முன்னால்.

“டோக்கன், நான் எங்க போறது?” என்றார் டாக்டர்.

“பத்து மணிக்கு முன்னாடியே போயிட்டு வந்துடுங்க டாக்டர்.”

சாயங்காலம் டாக்டர் ஒரு சிறு கையேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். சக்கர நாற்காலியில் வருகிறவர்களோடு எப்படிப் பழக வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. டோக்கன் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு தடவை படித்தார். அதில் ஒரு வரி மனதில் பதிந்துவிட்டது. ‘நாற்காலியில் இருப்பவரிடமே பேசுங்கள். கூட வந்தவரிடம் பேசாதீர்கள்.’

“நாளைக்கு நான் அந்தத் தம்பி பக்கமே திரும்ப மாட்டேன்” என்று மனைவியிடம் சொன்னார்.

“எந்தத் தம்பி?” என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர்கள் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கத்தரித்த முடி, மடியில் ஒரு கைப்பை. சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு நடைபாதையின் நடுவில் ராணி மாதிரி வந்தார். பின்னால் தம்பி. ஒல்லி, உயரம், தோளில் பை. இரண்டடி தள்ளி மெதுவாக வந்தார்.

அந்த அம்மா பலகைக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தினார். “இது என்னங்க?”

“சாய்வுங்கம்மா.”

“படிதான் இல்லைன்னீங்களே. சாய்வு எதுக்கு?”

டோக்கன் பலகையைப் பார்த்தார்.

“பலகைக்குக் கீழ என்ன இருக்கு?”

“புத்தகங்க.”

“புத்தகத்துக்குப் பின்னால?”

டோக்கனுக்கு இத்தனை நாளாகச் சேர்ந்திருந்த பொய்யெல்லாம் ஒரே மூச்சில் தீர்ந்துபோனது. “படிங்கம்மா. மூணு. ஒன்பது வருஷமா ஏறி இறங்கறேன், நீங்க கேட்ட அன்னைக்குத்தான் பார்த்தேன். தெரிஞ்சு சொன்ன பொய் இல்லைங்க. ஆனா தெரிஞ்சதுக்கு அப்புறம் ரெண்டு தடவை கூப்பிட்டும் சொல்லலை. அது தெரிஞ்சு செஞ்சதுதான்.”

தம்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். “வந்து… நான் வேணா…”

டோக்கன் கையேட்டை நினைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இஸ்திரிக் கடைக்காரர்கூடத் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“எட்டாவது ஆளு” என்றார் அந்த அம்மா. பிறகு, கழற்றிய கதவின் வெறும் நிலையைப் பார்த்தார். வரிசையாக ஓரம் தள்ளிய பூந்தொட்டிகளைப் பார்த்தார். டோக்கனின் முழங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியையும் பார்த்தார். “ஆனா பலகை போட்ட முதல் ஆளு. சரி, தள்ளுங்க. ஒண்ணு மட்டும். தம்பி என் நாற்காலியைத் தொடக் கூடாது. இன்னைக்கு ஒரு நாளாவது.”

எவ்வளவு ரோஷம் பாருங்கள் என்று டோக்கன் நினைத்துக்கொண்டார். “தொடவே மாட்டாருங்கம்மா. அதுக்கு நான் பொறுப்பு.”

அந்த வாக்கை அவர் கடைசி வரைக்கும் காப்பாற்றினார். தம்பி நாற்காலியைத் தொடவே இல்லை.

தச்சர் மேலே நின்று பலகையின் நுனியை மிதித்துக்கொண்டார். டாக்டர் வாசலில் நின்று, “மெதுவா, மெதுவா” என்று சொன்னார். அவர் கையால் பாரம் தூக்கமாட்டார், அது தொழில் செய்கிற கை. டோக்கன் பின்னாலிருந்து தள்ளினார். பாதியில் புத்தகங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. பலகை ஊஞ்சல் மாதிரி இறங்கியது.

டோக்கன் தலையைத் திருப்பாமல், உதட்டை அசைக்காமல், “தம்பி” என்றார். “அந்தப் பலகைக்குக் கீழ கொஞ்சம் தோள் கொடுங்களேன்.”

தம்பி பையைக் கழற்றிக் கீழே வைத்தார். ஒரு நிமிடம் நின்று மூச்சை இழுத்துக்கொண்டார். பிறகு மண்டியிட்டுப் பலகைக்கு அடியில் தோளைக் கொடுத்தார். அவருக்கு மேலே நாற்காலி, அக்கா, டோக்கனின் எண்பது கிலோ எல்லாம் போயின.

“பரவாயில்லையா தம்பி?” என்று டோக்கன் கிசுகிசுத்தார்.

“பரவாயில்லைங்க” என்று பலகைக்கு அடியிலிருந்து வந்தது.

முன்னால் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்கு இது எதுவும் தெரியவில்லை. “இப்ப நல்லா ஏறுதே” என்றார்.

மேசையைத் தாண்டி நாற்காலி ஒரு விரல்கூட இடிக்காமல் உள்ளே போனது. டோக்கனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் டாக்டரின் அறை வாசலில் நின்றுபோனது. உள்ளே சாய்த்து வைத்திருந்த கதவு வழியை அடைத்துக்கொண்டு இருந்தது.

“ஒரு நிமிஷம் இப்படி இருங்கம்மா” என்று அவரை ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு, டோக்கன் வாசலுக்கு ஓடினார். தச்சர் வெளியே சரிந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டு இருந்தார். சும்மா நின்றது தம்பிதான். சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“தம்பி, கதவோட அந்த நுனியைக் கொஞ்சம் பிடிங்களேன். தேக்கு. ஒத்த ஆளுக்கு அடங்காது.”

“வந்து… எனக்கு…”

“கொஞ்ச தூரம்தான். அக்காவுக்காகத்தானே.”

தம்பி இரண்டு கையையும் நீட்டினார். கதவைப் பக்கவாட்டில் தூக்கி, மேசை மேல் இடிக்காமல் உயர்த்தி, சாய்வுப் பலகையைத் தாண்டி, இஸ்திரிக் கடைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். இறங்கும்போது கனமான பக்கம் தம்பியிடம் இருந்தது.

“தம்பி எங்க?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“வெளியில காத்தாட நிக்கறாருங்கம்மா” என்றார் டோக்கன். சொன்னதும் மனது உறுத்தியது. பொய் சொல்வதை அன்று காலையோடு நிறுத்திவிட்டதாக நினைத்திருந்தார்.

உள்ளே டாக்டர் நோயாளிகள் படுக்கிற மேசையையே பார்த்தபடி நின்றார். அது அவருடைய உயரத்துக்காக நாலு காலுக்கும் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்திய இரும்பு மேசை. நாற்காலியிலிருந்து அதற்கு மாறுவதென்றால் மறுபடியும் யாராவது தூக்கத்தான் வேண்டும்.

“இந்த ஒண்ணை யாருமே யோசிக்கலையே” என்றார் டாக்டர் மெதுவாக. “பன்னிரண்டு வருஷமா நான் நிமிர்ந்து நிக்கணும்னுதான் யோசிச்சிருக்கேன். படுக்க வர்றவங்க எப்படி ஏறுவாங்கன்னு நினைச்சதே இல்ல.”

“கட்டையை எடுத்துடலாம் டாக்டர்.”

“யார் தூக்குவா?”

டோக்கனும் டாக்டரும் ஒரே நேரத்தில், பின்னாலேயே வந்து நின்ற தம்பியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தச்சர் உள்ளே வந்து தரையில் படுத்துக்கொண்டு கட்டையை உருவினார். ஒவ்வொரு மூலையாக டோக்கனும் தம்பியும் தூக்கினார்கள். முதல் மூலைக்குத் தம்பியின் நெற்றி வேர்த்தது. இரண்டாவதுக்குச் சட்டை நனைந்தது. மூன்றாவதுக்கு அவரிடமிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது, கதவுக் கீல் போடுகிற மாதிரி.

“என்ன தம்பி?”

“பரவாயில்லைங்க.”

நாலாவது மூலையும் இறங்கியது. டாக்டர் தம்பியை மேலும் கீழும் பார்த்துத் தலையை ஆட்டினார். “நல்ல உடம்பு. எல்லாருக்கும் இப்படி ஒரு முதுகு இருந்துட்டா நான் வாசல் போர்டைக் கழட்டிட்டுப் போயிட வேண்டியதுதான்.” சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

டோக்கன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அந்த அம்மா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

“ரொம்பக் காக்க வச்சிட்டேங்கம்மா.”

“காத்திருந்து பழக்கம்தான்.” ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இங்கேர்ந்து பார்த்தா வெளியில நிக்கறவங்க நல்லாத் தெரியறாங்களே.”

டோக்கனுக்கு அந்தக் கார் ஞாபகம் வந்தது. இந்த அம்மாவிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்று தோன்றியது. சொன்னார். கால் மணி நேரம் நின்றதையும், தான் பேப்பர் படித்ததையும் சொன்னார்.

“நீங்க நிமிர்ந்து பார்ப்பீங்களான்னு பார்த்துட்டு இருந்திருப்பார்” என்றார் அந்த அம்மா.

“நிமிர்ந்திருக்கலாங்க.”

“நிமிர்ந்திருக்கலாம்.” கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் வலித்தது. “அவர் வீடு தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“தெரிஞ்சா இந்தப் பலகையைப் பத்திச் சொல்லலாம்.” அவர் கைப்பையை மடியில் சரிசெய்துகொண்டார். “விடுங்க. ரெண்டு நாள்ல ஒரு வாசலையே பிரிச்சுப் போட்டிருக்கீங்க. எனக்காக இதுவரைக்கும் யாரும் ஒரு ஆணிகூடப் பிடுங்கினதில்ல.”

டோக்கன் நாற்காலியின் பிடிக்குக் கை நீட்டினார். பிடிக்கலாமா என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, அவர் சரி என்ற பிறகு மெதுவாகத் திருப்பி, கதவு விலகிய வழியாக டாக்டரின் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை உருப்படியாக முடித்த மாதிரி இருந்தது.

உள்ளே போனதும் அப்படியே நின்றுவிட்டார்.

தாழ இறக்கிய மேசையில், சட்டையைக் கழற்றி மடித்து ஓரத்தில் வைத்துவிட்டு, தம்பி குப்புறப் படுத்துக்கொண்டு இருந்தார். முகம் வைக்கிற துளைக்குள் முகம் புதைந்திருந்தது. கால் இரண்டும் மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருந்தன.

டாக்டர் ஈரக் கையோடு திரும்பியவர், துண்டைத் தேடுவதை மறந்து நின்றார்.

“தம்பி, எழுந்திருங்க” என்றார் டோக்கன். கையேடெல்லாம் மறந்துபோனது. “களைப்பா இருந்தா வெளியில பெஞ்சு இருக்கு. அக்கா படுக்க வேண்டிய இடம் இது. இதுக்காகத்தானே ரெண்டு நாளா இந்தப் பாடு.”

அந்த அம்மா டோக்கனைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். நனைந்த சட்டையைப் பார்த்தார்.

மேசைத் துளைக்குள்ளிருந்து, தரையைப் பார்த்துக்கொண்டே, தம்பி அன்று முதல் தடவையாக ஒரு முழுப் பேச்சைப் பேசினார்.

“அக்கா எனக்குத் துணைக்கு வந்தாங்க. போற இடத்துலயெல்லாம் அவங்களைப் படியில தூக்கித் தூக்கியே கெட்டுப்போனது என் முதுகுதாங்க.”